எழுத்தின் பாதம்

இத்தாலி மண்ணிலே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் மழலைப் பருவத்திலேயே கற்றுக்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'கிராட்சியே' என்பது. நன்றி என்னும் பொருளிற் கடையிலும் பேருந்திலும் பாடசாலையிலும் நாள்தோறும் ஒலிக்கும் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. இலத்தீன் எழுத்துக்களின் கோடுகள் முடியும் இடங்களில் இடப்படும் சிறு குறுக்குக் கோடுகளையும் இத்தாலிய அச்சுத் தொழிலாளர் கிராட்சியே என்றே அழைப்பர். ஆங்கிலேயர் இதனைச் செரிப் என்பர். இத்தாலிய அரிச்சுவடியில் 'அக்கா' எனப் பெயர்பெற்று நம் சிறுவரைச் சிரிக்கவைக்கும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். இரு தூண்களும் அவற்றை இணைக்கும் ஒரு பாலமுமாக நிற்பது அவ்வெழுத்து. அத்தூண்களின் தலையிலும் அடியிலும் நான்கு சிறு கட்டைகள் இருப்பின் அது கிராட்சியே உடைய எழுத்து. இல்லையேல் கிராட்சியே அற்ற எழுத்து.

இவ்வாண்டு மலரிலே இத்துணைச் சிறிய கோட்டைப் பற்றி ஒரு பாடம் எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. பலெர்மோவில் நம்மவர் நடத்தும் விழாக்களுக்கும் கடைகளுக்கும் அச்சிடப்படும் அறிவித்தல்கள் பெரும்பாலும் இருமொழியின. அவற்றை உற்றுநோக்கின், இத்தாலியத் தலைப்பு தடித்து நிமிர்ந்து நிற்பதையும், அதன் கீழே தமிழ்த் தலைப்பு மெலிந்து, ஒடுங்கி, கிடைத்த இடத்திற் பதுங்கி நிற்பதையும் பலமுறை காணலாம். வாசிக்கத் தொடங்கும் பிள்ளை இரண்டையும் அருகருகே காண்கின்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் முன்னரே, எது பெரிய மொழி, எது சிறிய மொழி என்ற தீர்ப்பை அதன் கண் வழங்கிவிடுகின்றது. வீட்டிலும் வகுப்பிலும் நாம் சொல்லும் மொழிப்பற்று வார்த்தைகள் இத்தீர்ப்பை எளிதில் மாற்றமாட்டா. ஆகவே, தடித்த எழுத்து எவ்வாறு தடித்தது என்பதை முதலிற் கற்போம். பின்னர் தமிழுக்கு வருவோம்.

பலகைப்பாத எழுத்துக்கள்

கிராட்சியே பலவகைப்படும். பார்மா நகரிலே அச்சுக்கூடம் நடத்திய ஜம்பத்திஸ்தா பொதோனி (1740 - 1813) அமைத்த எழுத்துக்களில் அது மயிரிழை போன்றது. தடித்த தூண், நூல் போன்ற பாதம். அரசவை நூல்களுக்கு உகந்த ஒயில் அது. ஆயின் அவ்வெழுத்தைப் பெரிதாக்கித் தெருச்சுவரில் ஒட்டினாற் பத்தடி தூரத்தில் நூற்கோடுகள் கண்ணுக்கு மறைந்து தூண்கள் மட்டுமே எஞ்சும்.

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரம் விளம்பரங்களால் நிறையலாயிற்று. லொத்தர்ச் சீட்டுக்காரர், நாடகக் கொட்டகையார், மருந்து விற்போர், வண்டிச் சேவையினர் என எல்லோரும் சுவருக்குப் போட்டியிட்டனர். நூலுக்கென வார்த்த எழுத்து அங்கே எடுபடவில்லை. அந்நிலையில் வின்சென்ற் பிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர், 1815 என ஆண்டு பொறித்த தமது மாதிரி நூலிலே புதுவகை எழுத்தொன்றை வெளியிட்டார். தூண் எவ்வளவு தடிப்போ ஏறத்தாழ அவ்வளவு தடிப்பே பாதமும். வளைவில்லை, குழைவில்லை, பலகையை வெட்டி அடியில் அறைந்தாற் போன்ற பாதம். ஆங்கிலத்திலும் இவற்றுக்குப் பலகையைச் சுட்டும் பெயரே இன்று வழங்குகின்றது. இப்பாடத்தில் இவற்றைப் பலகைப்பாத எழுத்துக்கள் என்று அழைப்போம்.

பிகின்ஸ் இதற்கு இட்ட பெயர் 'அன்ரீக்', அதாவது பழையது. புத்தம் புதிய எழுத்துக்குப் பழையது என்று பெயர்! 1820களின் தொடக்கத்தில் வேறொரு வார்ப்பகம் இதே வகையை 'எகிப்தியன்' என்றது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பின் (1798 - 1801) ஐரோப்பாவெங்கும் எகிப்து என்றாலே மோகம். தளபாடம், பாத்திரம், கட்டடம் யாவற்றுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது, எழுத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இதிற் பெருவேடிக்கை யாதெனில், 1816 அளவில் கஸ்லன் வார்ப்பகம் 'எகிப்தியன்' என்ற பெயரில் வெளியிட்ட எழுத்திலே பாதமே கிடையாது என்பதாகும். ஒரே பெயர், பாதமுள்ளதற்கும் பாதமற்றதற்கும்! பைரவர்களும் பூனைத்தலைத் தெய்வங்களும் நிறைந்த எகிப்தியச் சித்திர எழுத்துக்கும் இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. இத்தாலியில் இன்றும் இவ்வகை 'எஜிட்சியானோ' எனவே அழைக்கப்படுகின்றது. 20 ஆம் நூற்றாண்டில் இவ்வகை மீண்டும் எழுச்சி பெற்றபோது ஜெர்மனியில் 1929 இல் வெளிவந்தது 'மெம்பிஸ்' எனவும், அமெரிக்காவில் 1931 இல் வெளிவந்தது 'கர்னாக்' எனவும் பெயர் பெற்றன. இரண்டும் பண்டைய எகிப்தின் இடப்பெயர்களே.

மரம் இவ்வெழுத்துக்கு வாய்த்த உற்ற தோழன். பெரிய எழுத்தை ஈயத்தில் வார்ப்பின் பாரமும் அதிகம், செலவும் அதிகம். நியூயோர்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827 இல் மரத்தில் எழுத்துக் குடையும் பொறியை ஆக்கினார். மரத்திலே பொதோனியின் மயிரிழைப் பாதத்தைக் குடைந்தால் அழுத்தும் பொறியின் கீழ் அது முறிந்துபோகும், பலகைப்பாதம் முறியாது. அமெரிக்க மேற்குப் பகுதிகளின் 'தேடப்படுகிறார்' அறிவித்தல்களாக நாம் திரைப்படங்களிற் காணும் எழுத்துக்கள் இம்மரபின. அவற்றுள் ஒருவகையிலே தூண் மெலிந்தும் பாதம் பருத்தும் இருக்கும். உடல் இளைத்து, காலில் மட்டும் பெருஞ்சப்பாத்து அணிந்தவரைப் போல. 1821 இல் இலண்டனில் இவ்வாறு தலைகீழாக்கப்பட்ட எழுத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'இத்தாலியன்'. இத்தாலியர் செய்த பிழை அதில் எதுவுமில்லை!

1845 இல் றொபேட் பெஸ்லியின் இலண்டன் வார்ப்பகம் 'கிளரண்டன்' என்ற எழுத்தைப் பதிவு செய்தது. பலகைப்பாதத்தின் முரட்டுத்தனம் இதிலே சற்றுத் தணிந்தது. தூணும் பாதமும் சந்திக்கும் மூலையிற் சிறு வளைவு வந்து, சுவரெழுத்து புத்தகத்துக்குள் நுழைந்தது. அகராதியில் தலைச்சொல் தடித்தும் விளக்கம் மெலிந்தும் அச்சாவதை நாம் இயல்பெனக் கருதுகின்றோம். உடலெழுத்துக்கு இணையாக அதே வரியில் நிற்கக்கூடிய தடித்த எழுத்து பரவலாகக் கிடைத்தது கிளரண்டனுக்குப் பின்னரே. அக்காலச் சட்டப்படி பதிவுக்குக் கிடைத்த பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அது கழிந்ததும் ஏனைய வார்ப்பகங்கள் யாவும் அதனைப் பின்பற்றின.

இத்தாலியின் பங்கைக் கூறாது விடலாகாது. தொரினோ நகரின் நெபியோலோ வார்ப்பகத்தில் பணியாற்றிய அல்தோ நொவரேசே (1920 - 1995) 1950களின் நடுப்பகுதியில் 'எஜிட்சியோ' என்ற எழுத்தை அமைத்தார். கிளரண்டன் மரபைச் சேர்ந்ததாயினும் இதன் வளைவுகளில் ஒரு மலர்ச்சி உண்டு. எழுத்துக்களைப் பத்து வகுப்புகளாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாக எஜிட்சியானியை வைத்தவரும் அவரே. நெபியோலோ வார்ப்பகம் இன்று இல்லை. அதன் எழுத்துக்கள் கணினியில் வாழ்கின்றன.

பலகைப்பாத எழுத்தைக் காண நூலகம் செல்லவேண்டியதில்லை. தெருவோரம் நிற்கும் ஹொண்டா ஸ்கூட்டரிற் பொறித்துள்ள பெயரைப் பாருங்கள். வீட்டில் சோனி நிறுவனத்தின் பொருள் ஏதேனும் இருப்பின் அதன் நான்கு எழுத்துக்களைப் பாருங்கள். இரண்டும் இவ்வகையே. உறுதி, உழைப்பு, நம்பகம் என்பவற்றை அவை வாய்திறவாமல் உரைக்கின்றன. பாதம் அகன்றது சாயாது என்பதை நம் கண் தூண்களையும் மரங்களையும் பார்த்துப் பழகி அறிந்து வைத்திருக்கின்றது. அப்பழக்கத்தையே இவ்வெழுத்துக்கள் பயன்படுத்துகின்றன. ஆயினும் நீண்ட கட்டுரை முழுவதையும் இவ்வாறு அச்சிட்டால் வாசிப்போர் களைத்துவிடுவர். உரத்த குரல் அறிவித்தலுக்கு ஆகும், உரையாடலுக்கு ஆகாது.

தட்டச்சுப்பொறியிலும் இப்பாதம் வேறொரு காரணத்தாற் புகுந்தது. அங்கே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒற்றைத் தூணாக நிற்கும் மெலிந்த எழுத்தின் இருபுறமும் வெற்றிடம் விழாதிருக்க அகன்ற பாதம் கொடுத்தனர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஆக்க முனைந்தபோது அவருக்கு வாய்த்த இடர் இதற்கு நேர் எதிரானது. ஒல்லியான எழுத்தை அகலமாக்குவதன்று, ணகரத்தையும் ஞகரத்தையும் ஒடுக்குவதே அவர் முன் நின்ற வேலை.

தமிழிற் பாதம் என்பது பொருள்

இனித் தமிழுக்கு வருவோம். தடித்த இத்தாலியத் தலைப்புக்கு இணையாகத் தமிழை நிறுத்த விரும்புவோருக்கு முதலில் தோன்றும் எண்ணம், 'தமிழ் எழுத்துக்கும் அதேபோற் பாதக்கட்டைகளை ஒட்டிவிடலாமே' என்பது. பதாகை எழுதும் இளைஞர் சிலர் ஆர்வத்தால் இவ்வாறு செய்வதுண்டு. அவர்களின் ஆர்வத்தை நாம் பாராட்டுகின்றோம், முறையை ஏற்கமாட்டோம். ஏன் என்பதற்கு ஒரு சிறு சோதனை போதும்.

'பாதம்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் எழுதி, அதன் அரவின் அடியில் ஒரு கட்டையை ஒட்டுக. தொலைவில் நின்று பார்ப்பவர் 'பரதம்' என்று வாசிப்பார். அவ்வாறே 'காடு' 'கரடு' ஆகும். 'பால்' 'பரல்' ஆகும். 'நாகம்' 'நரகம்' ஆகிவிடும். அரவுக்கும் ரகரத்துக்கும் இடையே இன்று நிற்கும் எல்லைக்கோடு அடியிலுள்ள சிறு சாய்கோடு ஒன்றே. ஏட்டுச்சுவடிகளில் இவ்விரண்டும் ஒரே வடிவில் எழுதப்பட்டமையாற் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அவர்தம் முன்னுரைகள் கூறும்.

எகரத்தையும் ஏகாரத்தையும் நோக்குக. வேறுபாடு அடியில் உள்ள ஒரு கீற்றே. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு அடியில் உள்ள சுழியே. பகரம் 'பு' ஆவதும் யகரம் 'யு' ஆவதும் கீழிறங்கும் கோட்டினாலேயே. மகரத்தைப் போலத் தொடங்கும் ழகரம் தன்னை வேறுபடுத்திக் காட்டுவதும் தன் இறக்கத்தினாலேயே. இலத்தீன் எழுத்திலே பாதம் அணிகலன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'அக்கா' அக்காவே. தமிழ் எழுத்திலே பாதம் ஓர் ஒலி. அதனைக் கூட்டினால் வேறு எழுத்து. குறைத்தாலும் வேறு எழுத்து. கைகால் ஆபரணங்களைக் கழற்றி மாட்டலாம். கையையும் காலையும் அவ்வாறு மாட்ட இயலுமோ?

இதிலே இத்தாலியில் வாழும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. பழைய முறையிற் குறில் எகர ஒகரங்கள் மேலே புள்ளி பெறுவன. ஓலையில் எழுதுவோர் புள்ளியை விட்டுவிட, குறில் நெடில் மயக்கம் நேர்ந்தது. அதனைத் தீர்க்க நெடிலுக்கு அடியிற் குறியிட்டு வேறுபடுத்தியவர் வீரமாமுனிவர் என்பது தமிழுலகம் வழிவழியாகக் கூறும் செய்தி. கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி என்ற இயற்பெயருடைய அவர், 1680 இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்தீவியேரே என்ற ஊரிற் பிறந்த இயேசுசபைத் துறவியார். தேம்பாவணி பாடியவரும் சதுரகராதி தொகுத்தவரும் அவரே. பல்லாரோ சந்தைக்கு அருகே 'காசா புரொபெசா' எனப்படும் இயேசுசபை ஆலயத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம், அச்சபையார் ஒருவர் தமிழ் ஏகாரத்துக்குப் பாதம் தந்தார் என்பதைப் பிள்ளைகள் நினைவுகூரலாம். அவர் கீறியது அழகுக்காக அன்று, ஒலிக்காக.

தமிழ் தன் வலிமையை எங்கே வைத்திருக்கின்றது என்ற வினா எழும். டகரத்தைப் பாருங்கள். ஒரு தூண் இறங்கி முழு நீளத் தரையாக விரிகின்றது. பலகைப்பாதம் அதன் உடம்பிலேயே உள்ளது. பகரமும் மகரமும் தரையிற் பரந்து அமர்ந்தவை. ககரமும் சகரமும் தகரமும் தலைக்குமேல் உத்தரம் போன்ற கிடைக்கோட்டைத் தாங்குகின்றன. இக்கிடைக்கோடுகளே தமிழ்த் தலைப்பின் முதுகெலும்பு. மேலும், எழுத்தாணியால் ஓலையிற் கீறி வளர்ந்த எழுத்தாதலின், தமிழ்க் கோடு தொடக்கமுதல் முடிவுவரை ஒரே தடிப்பினது. பொதோனியின் தடிப்பு மெலிவு நடனம் அதற்கு இயல்பன்று. பலகைப்பாத எழுத்துக்களும் ஏறத்தாழ ஒரே தடிப்புக் கோட்டால் ஆனவையே! எனவே, இத்தாலியத் தலைப்புக்கு எழுத்தைத் தெரிவு செய்யும் உரிமை நம் கையில் இருப்பின், தமிழுக்கு அருகே பொதோனியை வைப்பதிலும் எஜிட்சியானோவை வைப்பது நன்று என்பது நம் துணிபு. பாதங்கள் ஒத்திரா, கோடுகள் ஒத்திருக்கும்.

அடுத்து, தடிப்பின் எல்லை. இலத்தீன் எழுத்தை விரும்பியவாறு தடிக்கச் செய்யலாம். அதன் வயிற்றில் வெளி மிகுதி. தமிழிலோ ணகரத்தின் சுழிகளும் இகரத்தின் உட்புறமும் ஞகரத்தின் மடிப்புகளும் மை நிரம்பி அடைபட்டுவிடும். ஆகவே எத்தலைப்பை எழுதும் முன்னரும் 'ண, ஞ, இ, ஐ, ணூ' என்ற எழுத்துக்களை எழுதிப் பார்த்தல் வேண்டும். இவற்றின் கண்கள் திறந்திருக்கும் அளவே நாம் ஏற்கத்தக்க தடிப்பு. அத்தடிப்புக்கு இத்தாலியத் தலைப்பையும் இறக்கிக்கொள்வதே முறை. மெலிந்த பிள்ளைக்குப் பெரிய சட்டை தைப்பதை விட்டு, இருவருக்கும் பொருந்தும் அளவைத் தேடுவது போன்றது அது.

ஒடுக்குதல் இதனினும் கொடியது. இத்தாலியர் 'அவுகூரி' என ஆறு எழுத்தில் முடிப்பதை நாம் 'வாழ்த்துக்கள்' என எழுதுகின்றோம். மேலே புள்ளிகளும் கீழே ழகரத்தின் இறக்கமும் வேறு. இடம் போதாமையாற் கணினியில் தமிழை இருபுறமும் பிடித்து நெருக்குகின்றனர். அகலத்தை 60 விழுக்காடாகக் குறைத்தால் நிற்கும் கோடுகளின் தடிப்பும் 60 விழுக்காடாகிவிடும். கிடைக்கோடுகளோ பழைய தடிப்பிலேயே நிற்கும். தூண் மெலிந்து உத்தரம் மட்டும் பருத்த வீடாகத் தமிழ் நிற்கும். முன்னர் நாம் கண்ட பெருஞ்சப்பாத்து எழுத்தின் கதையே இது. அங்கே வேண்டுமென்று செய்தனர், இங்கே அறியாமற் செய்கின்றோம். இடமில்லையெனில் இரண்டு வரியாக்குக. அன்றேல் இரு மொழியையும் சேர்த்தே சிறிதாக்குக.

ஒரே கல்லிற் பல எழுத்து

வெவ்வேறு எழுத்துக்களை ஒன்றாக நிறுத்துவதில் பலெர்மோ நகரம் நமக்கு மூத்தது. நோர்மானியர் ஆட்சிக்காலத்திலே, 1149 இல், கிறிசாந்தோ என்ற குருவானவர் தம் தாய் அன்னாவின் நினைவாக நிறுத்திய கல்வெட்டு ஒன்று சீசா மாளிகை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இடப்புறம் இலத்தீன், வலப்புறம் கிரேக்கம், கீழே அரபு, மேலே எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. நான்கும் ஒரே துயரத்தைக் கூறுகின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் தன் மரபின் ஆண்டுக் கணக்கிலேயே நாளைக் குறிக்கின்றது. இலத்தீனின் தூணை அரபுக்கு நடவில்லை. அரபின் நெளிவை இலத்தீனுக்கு ஏற்றவில்லை. நடுவிலே ஒரு வட்டம். நான்கு எழுத்துக்கும் அதைச் சுற்றி இடம்.

நம் தாயகத்திலும் அத்தகைய கல் ஒன்று உண்டு. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையதும் 1409 ஆம் ஆண்டுக்குரியதுமான காலி மும்மொழிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ளன. 1911 இற் கண்டெடுக்கப்பட்ட அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் 1841 இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே இதழில் தாங்கி வந்தது. இருமொழி அறிவித்தல் என்பது புலம்பெயர்ந்த பின் நாம் கண்டுபிடித்த புதுமை அன்று.

பயிற்சி

மேற்பிரிவு மாணவர் அடுத்த வகுப்புக்கு முன் மூன்று வேலைகளைச் செய்து வருக. முதலாவது, வீட்டிலிருந்து தமிழ்ப் பாடசாலைக்கு வரும் வழியில் ஐந்து பெயர்ப்பலகைகளைப் பார்த்து, கிராட்சியே உடையன எவை, அற்றன எவை, பலகைப்பாதம் உடையன எவை எனக் குறிப்பேட்டில் வரைந்து கொள்க. கைப்பேசியிற் படம் எடுத்தல் போதாது. கையால் வரைதல் வேண்டும், கை வரைந்தாலன்றிக் கண் காணாது. இரண்டாவது, 'பாதம்', 'பரதம்' என்ற இரு சொற்களையும் விரலளவு தடிப்பில் எழுதி, பத்தடி தூரத்தில் வைத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுக. மயங்காது வாசிக்கும்வரை ரகரத்தின் சாய்கோட்டை நீட்டிப் பார்க்க. மூன்றாவது, அடுத்த விழாவின் பதாகைக்கு 'ஆண்டு விழா' என்பதையும் அதன் இத்தாலியப் பெயரையும் ஒரே தாளில் எழுதுக. இத்தாலியப் பெரிய எழுத்தின் உயரமும் தமிழ் டகரத்தின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். விசிறிக்கும் புள்ளிக்கும் மேலே தனியிடம் விடுக. எழுதி முடித்தபின் தாளைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணை அரைவாசி மூடிப் பார்த்து, இரு வரிகளில் எது கருமை மிகுந்து தெரிகின்றது என்பதைத் தாளின் ஓரத்திற் குறித்துக் கொண்டு வருக.